பிக்கப் மேல் பழி போடும் முன்

எலக்ட்ரிக் கிட்டாரில் ஸ்விட்சின் ஒரு நிலையில் ஒலி வராவிட்டால், அல்லது வந்தும் சன்னமாக, உயிரில்லாமல் வந்தால், பழி முதலில் தந்தியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பிக்கப் மேல்தான் விழுகிறது. "பிக்கப் போய்விட்டது" என்ற தீர்ப்புடன் கிட்டாரைக் கொண்டு வருபவர்களில் பலர் புதிய பிக்கப்பையும் வாங்கிக் கையோடு கொண்டு வந்துவிடுகிறார்கள். நண்பர்களின் கிட்டார்களையும் என்னுடையவற்றையும் பல ஆண்டுகளாகப் பிரித்துப் பூட்டி வருகிறேன். அந்த அனுபவத்தில், பிக்கப்பின் சுருளே அறுந்துபோன கிட்டார்கள் மிகக் குறைவு. கோளாறு பெரும்பாலும் அசையும் இடங்களில், அதாவது எந்த பிக்கப் ஒலிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் செலக்டர் ஸ்விட்சிலோ, கேபிள் செருகும் ஜாக்கிலோ, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வால்யூம் பாட்டிலோ இருக்கும். இல்லையென்றால் யாரோ அவசரத்தில் ஈயம் உருக்கி வைத்த ஒரு சால்டரில் இருக்கும். எந்த இடம் என்பதைக் கிட்டாரைத் திறக்காமலேயே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். அதற்கான கருவி கிட்டாரிலேயே பொருத்தப்பட்டிருக்கிறது. அந்த செலக்டர் ஸ்விட்ச்தான் அது.

சுருள் அவ்வளவு எளிதில் சாகாது என்பதற்குக் காரணம், அதில் அசையும் பாகம் எதுவும் இல்லை. காந்தத்தைச் சுற்றி எனாமல் பூசிய செம்புக் கம்பி பல்லாயிரம் சுற்றுகளாகச் சுற்றப்பட்டிருக்கும். காந்தப்புலத்தில் இரும்புத் தந்தி அதிரும்போது சுருளினுள் ஒரு சிறு மின்னழுத்தம் எழும். நடப்பது அவ்வளவுதான். பரவலாகப் பயன்படும் 42 கேஜ் கம்பியின் விட்டம் ஏறக்குறைய 0.063 மில்லிமீட்டர். மல்டிமீட்டரில் 6 கிலோ ஓம் காட்டும் ஒற்றைச் சுருள் கொண்ட ஒரு சாதாரண சிங்கிள் காயில் பிக்கப்பினுள் அந்தக் கம்பி ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமான நீளத்துக்குச் சுருண்டு கிடக்கிறது. இவ்வளவு மெல்லிய கம்பி இவ்வளவு நீளத்துக்கு அறுபடாமல் இருப்பதே வியப்புதான் என்றாலும், சுற்றி முடித்தபின் அதை இழுப்பவர் யாருமில்லை. அறுந்தால் அது அநேகமாகச் சுருளின் தொடக்கமும் முடிவும் வெளியே வந்து தடித்த ஒயரோடு சேரும் அந்த இரண்டு புள்ளிகளில்தான் நடக்கும்.

கோளாறே இல்லாததைக் கோளாறு என்று எடுத்துக்கொள்வதும் உண்டு. திறக்கும் முன் அவற்றை ஒதுக்கிவிட வேண்டும். மூன்று பிக்கப்புகள் கொண்ட ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரின் பழைய முறை ஒயரிங்கில், தந்திகள் உடலில் ஊன்றும் பிரிட்ஜை ஒட்டிய பிரிட்ஜ் பிக்கப்புக்கு, ஓசையின் கூர்மையை மாற்றும் டோன் பாட் கிடையாது. திருகினாலும் ஒன்றும் மாறாது. இரண்டு பிக்கப்புகள் சேர்ந்து ஒலிக்கும் நிலைகளில் ஓசை சற்றுக் குறைந்தும் உள்ளீடற்றும் கேட்பது அவை இணையாக இணைக்கப்பட்டிருப்பதன் விளைவு. இரண்டு பிக்கப்புகளுக்கும் தனித்தனி வால்யூம் உள்ள லெஸ் பால் வகைக் கிட்டாரில் ஸ்விட்சை நடுவில் வைத்து ஒரு வால்யூமை முழுவதும் குறைத்தால் இரண்டு பிக்கப்புகளுமே அடங்கிவிடும். அந்த ஒயரிங் அப்படி அமைந்ததுதான். இதோடு கேபிளையும் ஒலிபெருக்கியான ஆம்பையும் வேறொரு கிட்டாரை வைத்துச் சோதித்துவிட வேண்டும். இதை எழுதுவதற்கே எனக்குச் சலிப்பாக இருக்கிறது, ஆனாலும் கேபிளின் பிளக் உள்ளே அறுந்த ஒரு ஒயருக்காகக் கிட்டாரைப் பிரிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இனி ஸ்விட்சுக்கு வருவோம். 1954-இல் ஃபெண்டர் நிறுவனம் ஸ்ட்ராட்டோகாஸ்டரை வெளியிட்டபோது மூன்று பிக்கப்புகளுக்கு மூன்று நிலைகள் கொண்ட ஸ்விட்ச்தான் இருந்தது. வாசிப்பவர்கள் அந்தக் கைப்பிடியை இரண்டு நிலைகளுக்கு இடையில் நிறுத்திப் பார்த்து, இரண்டு பிக்கப்புகளும் ஒருசேர ஒலிக்கும் ஓசைக்குப் பழகிப்போனார்கள். 1977-இல் ஐந்து நிலை ஸ்விட்ச் வந்தது. ஆனால் உள்ளமைப்பில் அது இன்றும் மூன்று முனைகள் கொண்ட ஸ்விட்சே. 1-ஆம் நிலை பிரிட்ஜ் பிக்கப், 3-ஆம் நிலை நடு பிக்கப், 5-ஆம் நிலை கழுத்தை ஒட்டிய நெக் பிக்கப்; இடைப்பட்ட 2-ஆம், 4-ஆம் நிலைகளில் அதன் அசையும் தகடு பக்கத்துப் பக்கத்து முனைகள் இரண்டையும் ஒரே நேரத்தில் தொட்டபடி நிற்கிறது. அந்தத் தகடு தேய்ந்தாலோ முனையில் கறுப்புப் படிந்தாலோ முதலில் பாதிக்கப்படுவது இந்த இடைநிலைகள்தான். தனி நிலைகள் மூன்றும் சரியாக ஒலித்து, 2-ஆம் நிலையில் மட்டும் நடு பிக்கப் சேராமல் பிரிட்ஜ் பிக்கப் தனியே ஒலித்தால், பிக்கப்புகளை மறந்துவிட்டு ஸ்விட்சைப் பார்க்க வேண்டும்.

ஐந்து நிலைகளையும் வரிசையாகக் கேட்டால் கிடைக்கும் சாட்சியம் வியக்கத்தக்க அளவுக்குத் துல்லியமானது. வாசிக்கத் தேவையில்லை, ஆம்பின் ஒலியைக் குறைத்து வைத்துக்கொண்டு, சிறிய ஸ்க்ரூடிரைவர் ஒன்றால் ஒவ்வொரு பிக்கப்பின் காந்தத் தண்டையும் மெல்லத் தட்டினால் போதும். வேலை செய்யும் பிக்கப் "டக்" என்று பதில் சொல்லும். நடு பிக்கப்பில் சந்தேகம் என்று வைத்துக்கொள்வோம். 3-ஆம் நிலையில் அது ஒலிக்கவில்லை. 2-இல் பிரிட்ஜ் மட்டும், 4-இல் நெக் மட்டும் ஒலிக்கின்றன என்றால், நடு பிக்கப்பின் பாதை எங்கோ அறுந்திருக்கிறது. 3-இல் ஒலிக்கவில்லை, அதோடு 2-உம் 4-உம் கூட ஊமையாகிவிட்டன என்றால் கதை வேறு: நடு பிக்கப்பின் சிக்னலைச் சுமக்கும் ஹாட் ஒயர் எங்கோ, அதன் திரும்புபாதையான கிரவுண்டைத் தொடுகிறது, அதோடு இணையும் எந்த பிக்கப்பின் சிக்னலையும் அது தன்னோடு கிரவுண்டுக்கு இழுத்துக்கொண்டு போகிறது. 3-இல் ஒலிக்காத அதே நடு பிக்கப் 2-இலும் 4-இலும் தட்டினால் பதில் சொல்கிறது என்றால் பிக்கப் நலம், ஸ்விட்சின் தகடு அந்த ஒரு நிலையில் முனையைத் தொடவில்லை. ஐந்திலும் ஒன்றுமே இல்லையென்றால் மூன்று சுருள்களும் ஒரே நாளில் செத்திருக்க வாய்ப்பில்லை; ஸ்விட்சின் பொது முனையில் தொடங்கி வால்யூம் பாட், ஜாக் என்று வெளியேறும் பாதையில் எங்கோ அடைப்பு.

மௌனத்திலும் இரண்டு வகை உண்டு. ஆம்ப் ஓடிக்கொண்டிருக்க, கிட்டார் செருகியதே தெரியாத அளவுக்கு முழு அமைதி நிலவினால் அது ஹாட் கிரவுண்டைத் தொடும் ஷார்ட்டைக் குறிக்கும். வால்யூமைச் சுழியத்தில் வைத்தால் கேட்கும் அதே அமைதி அது. மாறாக, ஒலி இல்லாமல் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் மின்சார உறுமல் மட்டும் கேட்டால், ஹாட் பாதையோ கிரவுண்டோ அறுந்து, மிஞ்சிய ஒயர் ஆன்டெனாபோல் சுற்றுப்புற இரைச்சலை வாங்கிக்கொண்டிருக்கிறது. தந்தியைத் தொட்டுப் பார்ப்பதும் ஒரு சோதனைதான். சரியான ஒயரிங் உள்ள கிட்டாரில் தந்தியைத் தொட்டதும் உறுமல் குறையும். எதுவுமே மாறாவிட்டாலோ உறுமல் கூடினாலோ பிரிட்ஜுக்குச் செல்லும் கிரவுண்ட் ஒயர் விட்டுப்போயிருக்கக்கூடும். தந்தியையோ ஜாக்கின் உலோகத் தகட்டையோ தொட்டதும் உறுமல் சட்டென்று கூடினால், ஜாக்கில் ஹாட்டும் கிரவுண்டும் இடம் மாறி சால்டர் செய்யப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். தந்தியைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது என்றால் மட்டும் இந்தச் சோதனைகள் எதிலும் இறங்கக்கூடாது. உடனே கேபிளைப் பிடுங்கிவிட்டு ஆம்பையும் அந்த இடத்தின் எர்த் இணைப்பையும் எலக்ட்ரீஷியனிடம் காட்ட வேண்டும்.

காது சொன்னதை உறுதிசெய்ய மல்டிமீட்டர் வேண்டும். கேபிளின் ஒரு முனையைக் கிட்டாரில் செருகி, ஆம்பிலிருந்து கழற்றிய மறுமுனையில் நுனிக்கும் உறைக்கும் இடையே, 20 கிலோ ஓம் அளவில் அளக்க வேண்டும். வால்யூம் முழுவதும் திறந்திருக்க வேண்டும். டோன் எங்கிருந்தாலும் கவலையில்லை, ஏனென்றால் அந்தப் பாதையில் உள்ள கெப்பாசிட்டர் மீட்டரின் நேர்மின்னோட்டத்தை விடாது. ஒரு எடுத்துக்காட்டு: பிரிட்ஜ் 6.4, நடு 5.9, நெக் 5.8 கிலோ ஓம் உள்ள பிக்கப்புகள், 250 கிலோ ஓம் வால்யூம் பாட். பாட் எப்போதும் பிக்கப்புக்கு இணையாக நிற்பதால் ஜாக்கில் தெரியும் எண் சற்றுக் குறையும்: 1-ஆம் நிலையில் 6.24, 3-இல் 5.76, 5-இல் 5.67. இடைநிலைகளில் இரண்டு சுருள்கள் இணையாவதால் எண் ஏறக்குறைய பாதியாகும்: 2-இல் 3.03, 4-இல் 2.89. இந்த ஐந்து எண்களில் எது பிசகுகிறதோ அங்கே கோளாறு. 2-இல் 3-க்குப் பதிலாக 6.24 வந்தால் நடு பிக்கப் சேரவில்லை. ஒரு நிலையில் மீட்டர் எண் காட்டாமல், அளவை உயர்த்திப் பார்த்தால் 250-ஐ ஒட்டிய எண் வந்தால் மீட்டர் பிக்கப்பைப் பார்க்கவே இல்லை, வால்யூம் பாட்டை மட்டும் பார்க்கிறது, வழி அறுந்திருக்கிறது. சுழியத்தை ஒட்டி வந்தால் ஷார்ட்.

எண்களை மிகையாக வாசிக்கவும் கூடாது. செம்பின் மின்தடை வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் கூடும்போது ஏறக்குறைய 0.4 சதவீதம் கூடும். பத்து டிகிரி மாறினால் 6 கிலோ ஓம் பிக்கப்பில் 240 ஓம் அளவுக்கு வேறுபாடு வரும். குளிர்ந்த அறையில் ஒரு எண்ணும் மேடை விளக்கின் கீழ் ஒரு எண்ணும் வருவதைக் கண்டு பிக்கப் கெடுகிறது என்று பதறுவது வீண். அதேபோல, அதிக கிலோ ஓம் காட்டும் பிக்கப்தான் சிறந்தது என்ற நம்பிக்கைக்கும் ஆதாரம் போதாது. மெல்லிய கம்பி சுற்றினாலே எண் ஏறிவிடும். பழுது பார்ப்பவருக்கு அந்த எண் ஒப்பிடுவதற்கான அடையாளம், அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

நண்பர் ஒருவரின் கிட்டார் இதையெல்லாம் தாண்டி ஒருமுறை ஆட்டம் காட்டியது. பிக்கப்புகளும் ஸ்விட்சும் பொருத்தப்பட்ட முன்தகடான பிக்கார்டைக் கழற்றி மேசைமேல் கவிழ்த்து வைத்தால் ஐந்து நிலைகளும் சரியாக அளவு காட்டும். ஸ்க்ரூக்களை முடுக்கியதும் பிரிட்ஜ் பிக்கப் இணையும் இரண்டு நிலைகளும் ஊமையாகிவிடும். திறந்தால் கோளாறு மறைவதால் உள்ளே பார்த்துப் பயனில்லை. ஆகவே மீட்டரை ஜாக்கில் மாட்டி வைத்துக்கொண்டு ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாக, கால் சுற்று கால் சுற்றாக முடுக்கிப் பார்த்தேன். ஸ்விட்சை ஒட்டிய ஸ்க்ரூ இறுகும் தறுவாயில் எண் 6.2-லிருந்து சுழியத்துக்கு விழுந்தது. குழியின் உட்சுவரில் இரைச்சலைத் தடுப்பதற்காகச் செம்புத் தாள் ஒட்டப்பட்டிருந்தது. பிரிட்ஜ் ஒயர் சால்டர் செய்யப்பட்ட ஸ்விட்ச் முனையில் ஈயம் ஒரு சிறு மொட்டாகத் துருத்திக்கொண்டிருந்தது. செம்புத் தாளில் அதே உயரத்தில், ஊசியால் கீறியதுபோல் பளபளப்பான ஒரு கோடு. பிக்கார்டு கீழிறங்கும்போதெல்லாம் அந்த மொட்டு சுவரை உரசி பிரிட்ஜ் பிக்கப்பைக் கிரவுண்டோடு சேர்த்துவிட்டிருக்கிறது. மொட்டைச் சூடாக்கி வழித்தெடுத்து, சுவரின் அந்தப் பகுதியில் மின்காப்பு டேப் ஒட்டியதும் வேலை முடிந்தது. செம்புத் தாள் ஒட்டிய கிட்டார்களில் ஜாக்கின் நுனித் தகடும் இதே வம்பைச் செய்யும். பிளக்கைச் செருகும்போது அது வெளியே வளைந்து சுவரைத் தொடும், பிளக் இல்லாமல் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத் தெரியும்.

ஸ்விட்ச்தான் குற்றவாளி என்று தெரிந்தபின் அதன் வகையைப் பார்க்க வேண்டும். தகடுகள் வெளியே தெரியும் திறந்த வகை ஸ்விட்சுகளில் கான்டாக்ட் கிளீனர் ஒரு துளி தெளித்து, கைப்பிடியை முன்னும் பின்னும் பலமுறை தள்ளினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். லெஸ் பால் வகையின் டாகிள் ஸ்விட்சில் கிளீனர் தொட்ட கெட்டித் தாள் துண்டு ஒன்றை இரண்டு தகடுகளுக்கு நடுவே வைத்து இழுத்தால் அழுக்கு கறுப்பாகத் தாளில் வரும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. மேற்பூச்சு போய்விட்டால் அடுத்த மாதமே மீண்டும் கறுக்கும். பெட்டி போல் மூடிய மலிவான வகை ஸ்விட்சை மாற்றிவிடுவது நல்லது. ஆனால் அதை மாற்றும்போது ஒரு சிக்கல் காத்திருக்கிறது. திறந்த ஸ்விட்சில் பக்கத்துக்கு நான்காக இருபுறமும் இருக்கும் எட்டு முனைகள், மூடிய வகையில் ஒரே வரிசையில் நிற்கும். ஒன்றுக்கு வரைந்த படத்தை வைத்து மற்றொன்றை ஒயரிங் செய்தால் ஒலிக்கும், ஆனால் தவறான பிக்கப் தவறான இடத்தில் ஒலிக்கும். படத்தை நம்புவதைவிட, ஒயர்களைத் தொடும் முன்னரே மீட்டரின் பீப் ஒலியை வைத்து, கைப்பிடியை நகர்த்த நகர்த்த எந்த முனை மற்ற மூன்றோடும் மாறி மாறி சேர்கிறது என்று பார்த்தால் பொது முனை தானாகத் தெரிந்துவிடும்.

மீட்டரின் மின்தடை எண்ணில் தெரியாத கோளாறு ஒன்று உண்டு: ஃபேஸ் மாறிப்போவது. தனித்தனியாக நன்றாக ஒலிக்கும் இரண்டு பிக்கப்புகள் சேர்ந்ததும் மூக்கால் பேசுவதுபோல், அடிநாதமே இல்லாமல் சுருங்கிவிட்டால் அவை ஒன்றையொன்று எதிர்க்கின்றன என்று பொருள். ஒரு பிக்கப்பை மட்டும் வேறு நிறுவனத்தின் பிக்கப்பாக மாற்றிய கிட்டார்களில் இது அடிக்கடி நிகழ்கிறது. மீட்டரை பிக்கப்போடு மாட்டி, இரும்பு ஸ்க்ரூடிரைவரைத் தண்டுகள்மேல் வைத்துச் சட்டென்று விலக்கினால் எண் ஒரு கணம் மேலே துள்ளும் அல்லது கீழே துள்ளும். ஒரே மாதிரி மாட்டிய எல்லா பிக்கப்புகளிலும் அது ஒரே திசையில் துள்ள வேண்டும். இரைச்சலை ரத்துசெய்வதற்காகச் சுற்றையும் காந்தத்தையும் தலைகீழாக்கிய நடு பிக்கப்பிலும் இந்த விதி மாறாது, ஏனென்றால் இரண்டு தலைகீழும் சேர்ந்து தந்தியின் சிக்னலை நேராக்கிவிடுகின்றன. திசை மாறித் துள்ளும் பிக்கப்பின் இரு ஒயர்களையும் இடம் மாற்றினால் சரியாகும். அதற்கு முன் அதன் உலோக மூடியோ அடித்தகடோ கிரவுண்ட் ஒயரோடு இணைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஃபெண்டரின் டெலிகாஸ்டர் கிட்டாரில் இது வழக்கம். அந்த இணைப்பைப் பிரித்துத் தனி ஒயரில் கிரவுண்டுக்குக் கொண்டுபோகாமல் இடம் மாற்றினால் மூடியே ஹாட் ஆகி, கை பட்டதெல்லாம் உறுமும்.

ஹம்பக்கர் என்றால் குழப்பம் இரட்டிப்பு. கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் 1955-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த அந்த வடிவத்தில் எதிரெதிராக அமைந்த இரண்டு சுருள்கள் தொடராக இணைந்து, தந்தியின் ஒலியைக் கூட்டி இரைச்சலைக் கழிக்கின்றன. இன்றைய ஹம்பக்கர்களில் அந்த இரண்டு சுருள்களின் நான்கு முனைகளும் தனித்தனி நிறத்தில் வெளியே வருகின்றன. நிறங்களோ நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. சீமோர் டங்கனில் கறுப்பு ஹாட், வெள்ளையும் சிவப்பும் ஒன்றாக இணைய வேண்டும், பச்சை கிரவுண்ட். டிமார்சியோவில் சிவப்பு ஹாட், கறுப்பும் வெள்ளையும் இணைய வேண்டும், பச்சை கிரவுண்ட். ஒன்றின் படத்தை மற்றொன்றுக்குப் போட்டால் விளைவு எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 8 கிலோ ஓம் இருக்க வேண்டிய இடத்தில் 4 வந்தால் ஒரு சுருள்தான் வேலை செய்கிறது. நடு இணைப்பு எங்கோ கிரவுண்டைத் தொடுகிறது, அல்லது ஒரு சுருளை மட்டும் ஒலிக்கவிடுவதற்கான, இழுத்துத் தள்ளும் புஷ் புல் பாட் உள்ளே சிக்கிக்கொண்டிருக்கிறது. எண் 8 என்றே வந்தும் ஒலி சன்னமாகவும் இரைச்சல் அதிகமாகவும் இருந்தால் ஒரு சுருள் தலைகீழாக மாட்டப்பட்டிருக்கிறது. அது தந்தியைக் கழித்து இரைச்சலைக் கூட்டிக்கொண்டிருக்கிறது. பேட்டரியில் இயங்கும் ஆக்டிவ் பிக்கப்புகளுக்கு இந்த எண் கணக்கு எதுவுமே பொருந்தாது. அங்கே முதலில் பார்க்க வேண்டியது 9 வோல்ட் பேட்டரியையும், பிளக் செருகினால்தான் அதை இணைக்கும் ஸ்டீரியோ ஜாக்கையும்.

சால்டர் செய்வதில் நான் வலியுறுத்துவது ஒன்றுதான்: சூடு போதாத அயர்ன், சூடு மிகுந்த அயர்னைவிட அதிகச் சேதம் செய்கிறது. பாட்டின் முதுகு பெரிய உலோகப் பரப்பு. மெல்லிய நுனி கொண்ட சிறு அயர்னை அங்கே நீண்ட நேரம் அழுத்திக்கொண்டிருந்தால் ஈயம் சரியாக உருகிப் பிடிப்பதற்குள் பாட்டின் உள்ளே இருக்கும் கார்பன் பாதை வெந்துவிடும். அகன்ற நுனியை 350 டிகிரி செல்சியஸ் அளவில் வைத்து, சில நொடிகளில் முடித்துவிட்டு விலகுவது பாதுகாப்பு. நல்ல இணைப்பு உலோகத்தின்மேல் படர்ந்து இறங்கியிருக்கும்; கோளாறான இணைப்பு உருண்டையாக மேலே உட்கார்ந்திருக்கும், ஒயரைப் பிடித்து லேசாக ஆட்டினால் தெரிந்துவிடும்.

இவ்வளவுக்கும் பிறகு, பிக்கப்பின் ஒயர்களை ஸ்விட்சிலிருந்து கழற்றி நேரடியாக அளந்தும் மீட்டர் எதுவும் காட்டாவிட்டால், சுருள் உண்மையிலேயே அறுந்திருக்கிறது. விந்தை என்னவென்றால், அப்படி அறுந்த பிக்கப்பும் சில சமயம் பேசும். அறுந்த இரு நுனிகளும் மிக அருகில் இருப்பதால் அவற்றுக்கிடையே கெப்பாசிட்டர்போல ஒரு கசிவு உண்டாகி, உச்ச ஸ்வரங்கள் மட்டும் சன்னமாகக் கடந்து வரும். பிக்கப்பைக் கவிழ்த்து, உருப்பெருக்கிக் கண்ணாடியால் ஒயர் சேரும் இரண்டு துளைகளையும் பார்க்க வேண்டும். தலைமுடியைவிட மெல்லிய அந்தக் கம்பி ஈயத்துக்குள் நுழையும் இடத்தில் பச்சைப் பூத்திருந்தாலோ, நுனி விலகி நின்றாலோ நம்பிக்கை இருக்கிறது. வெளிப்புற முனையாக இருந்தால் ஒரு சுற்றைப் பிரித்தெடுத்து, எனாமலை நீக்கி மறுபடி சால்டர் செய்துவிடலாம். ஒரு சுற்று குறைவதால் ஒலியில் எதுவும் தெரியாது. உட்புற முனை அறுந்திருந்தால் அது முழுச் சுருளுக்கும் அடியில் இருக்கும். அதை மீண்டும் சுற்றுபவரிடம்தான் கொடுக்க வேண்டும். புதிய பிக்கப் வாங்குவது பற்றி யோசிக்க வேண்டிய தருணமும் இதுவே.

எல்லாம் முடிந்ததும், தந்திகளைப் பூட்டும் முன்பே கிட்டாரை ஆம்பில் செருகி, ஐந்து நிலைகளிலும் ஸ்க்ரூடிரைவரால் தட்டிப் பார்த்துவிடுவது நல்லது. ஸ்விட்சைத் திருப்பி மாட்டியிருந்தால் நெக் இருக்க வேண்டிய இடத்தில் பிரிட்ஜ் பதில் சொல்லும். தந்தி போட்டபின் அதைக் கண்டுபிடித்தால் மறுபடி எல்லாவற்றையும் தளர்த்த வேண்டும். ஜாக்கின் உறைக்கும் பிரிட்ஜுக்கும் இடையே மீட்டர் ஓரிரு ஓம்களுக்குள் காட்டுகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். கடைசியாக, ஐந்து நிலைகளின் எண்களையும் அன்றைய வெப்பநிலையையும் ஒரு சிறு தாளில் எழுதிப் பிக்கார்டின் உட்புறத்தில் ஒட்டிவிடுகிறேன். அடுத்த முறை இந்தக் கிட்டாரைத் திறப்பவர் நானாக இருந்தாலும் வேறு யாராக இருந்தாலும், எதனோடு ஒப்பிடுவது என்று தேட வேண்டியிருக்காது.